சுவரோரம் நிற்கும் பிள்ளை

வள்ளுவப் பெருந்தகை நட்பினை ஐந்து அதிகாரங்களில் விரித்துரைத்தார். நண்பரை ஆராய்ந்து தேர்வதற்கே ஓர் அதிகாரம் உண்டு. ஆயின், தேர்வதற்கு ஒருவரும் கிட்டாத சிறுபிள்ளை என் செய்யும்? இடைவேளையில் சுவரோரம் நின்று பிறர் ஆடுவதைப் பார்த்திருக்கும் பிள்ளை ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. குறும்பு செய்யாத பிள்ளை அல்லவா! 'சாது' என நற்சான்றும் அளித்துவிடுகிறோம்.

நட்புத்திறன் கற்பிக்கத் தக்கதே. ஷெரி ஓடன், ஸ்டீவன் ஆஷர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் தனித்திருந்த குழந்தைகட்கு ஆட்டத்தில் ஈடுபடல், முறைவைத்து ஆடல், பேசலும் கேட்டலும், உடனாடுவோரைப் பாராட்டல் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்து, உடனே ஆடவிட்டு, பின் அதுபற்றி உரையாடினர். அவர்களோடு விளையாட விரும்பினோர் பெருகினர். ஓராண்டு கழித்தும் பயன் தொடர்ந்ததென 1977-இல் எழுதினர்.

நடக்கும் ஆட்டத்துள் நுழைவதே அரிது. வந்ததும் தன்னைப் பற்றியே பேசி, பிறரைத் திருத்தப் புகும் பிள்ளையைக் கூட்டம் ஒதுக்கும். சற்றே நின்று நோக்கி, அவர்கள் செய்வதையே தானும் செய்யும் பிள்ளை எளிதில் ஏற்கப்படும். இதனைத் தாயோ தமையனோ வீட்டில் ஆடிக்காட்டலாம். விருந்தினர் முன் 'போய்ப் பேசு' என அதட்டுவது மட்டும் வேண்டா. அது கூச்சத்தை மிகுவிக்கும்.

ஒதுங்கி நிற்கும் மழலையர் தம்மினும் இளையாரோடு ஆடித் தேறியதை 1979-இல் ஃபர்மன் குழுவினர் கண்டனர். அதற்குத் தனிப்பள்ளி வேண்டுவதில்லை. மாலையில் சாச்சா வீட்டுச் சிறுவனை அழைத்து வந்தாலே போதும்.