அடுக்கத்துத் தோட்டத்துக்கு எத்தனை டெராபைட்?

பெரியகுளத்தில் கிளம்பி, கும்பக்கரை வழியாக அடுக்கத்தைத் தொட்டு, பெருமாள்மலையில் கொடைக்கானல் சாலையோடு போய்ச் சேரும் மலைப்பாதையை மழைக்காலத்தில் நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பாறை உருண்டால் போக்குவரத்து நின்றுவிடும். கீழே குடியிருந்துகொண்டு மேலே காப்பியும் மிளகும் வாழையும் வைத்திருப்பவர்கள் அந்த நாட்களில் தோட்டத்துப் பக்கம் போக வழியில்லை. பாதை திறந்தபின் போய்ப் பார்த்தால் களத்து அறையின் பூட்டு உடைந்திருக்கலாம், வாழையைக் காட்டுமாடு மிதித்துப் போட்டிருக்கலாம். அது நேற்று நடந்ததா, பத்து நாளுக்கு முன் நடந்ததா?

இந்தக் கேள்விக்காகத்தான் இப்போது மலைத் தோட்டங்களில் சிசிடிவி வைக்கிறார்கள். கடையில் பேச்சு பெரும்பாலும் கேமராவைப் பற்றியே ஓடுகிறது: எத்தனை மெகாபிக்சல், இரவில் கலரில் தெரியுமா, கைப்பேசியில் பார்க்கலாமா. பதிவுப் பெட்டியும் அதற்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கும் "அதுவும் சேர்த்துத்தான்" என்ற ஒரு வரியில் பில்லில் ஏறிவிடுகின்றன. ஆனால் கேமரா கண் மட்டும்தான். பத்து நாளுக்கு முந்தைய இரவு அந்த டிஸ்க்கில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எத்தனை நாள் பின்னோக்கிப் பார்க்கும் தேவை வரும்? பெரியகுளத்துக்காரருக்கு அது, பாதை அடைபட்டால் அதிகபட்சம் எத்தனை நாள் மேலே போகாமல் இருக்க நேரும் என்பதைப் பொறுத்தது.

நாளைத் தெரிந்துகொண்டால் மிச்சம் எளிய பெருக்கல். கேமரா ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் அனுப்புகிறது என்பதே பிட்ரேட். நொடிக்கு 1 மெகாபிட் என்றால், ஒரு நாளின் 86,400 நொடிகளால் பெருக்கி, 8 பிட்டுக்கு ஒரு பைட் என்று வகுத்தால் 10.8 ஜிகாபைட் வரும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 2 மெகாபிக்சல் கேமராவைப் பழைய எச்.264 சுருக்க முறையில் 4 மெகாபிட்டில் ஓடவிட்டால் நாளொன்றுக்கு 43 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 173 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க் ஆறு நாளைக்குக்கூட வராது. அதையே எச்.265 முறையில் 2 மெகாபிட்டில் பதிந்தால் நான்குக்கும் சேர்த்து 86 ஜிபிதான். ஒரு டெராபைட்டில் பதினொரு நாள், இரண்டில் இருபத்துமூன்று நாள், நான்கில் ஒன்றரை மாதம். டிஸ்க் நிறைந்ததும் பெட்டி மிகப் பழைய நாளை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். சத்தமில்லாமல் எழுதும், எச்சரிக்கை எதுவும் வராது.

டிஸ்க்கின் கொள்ளளவு மட்டும் போதாது என்பதைத் தமிழ்நாடு மிகக் கொடிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடுத்த சில நாட்களில் இறந்தார்கள். விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி குற்றவியல் நடுவர் பாரதிதாசன், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அளித்த அறிக்கையில் அங்கிருந்த பதிவுப் பெட்டியைப் பற்றியும் எழுதினார். அதில் ஒரு டெராபைட் டிஸ்க் இருந்தது, இடம் தாராளமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழியும்படி அமைப்பு செய்யப்பட்டிருந்தது. அந்த நாளின் காட்சி கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும், அது இயலாத கருவியானாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. நம் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்: 2 மெகாபிட்டில் ஓடும் ஒரே ஒரு கேமராவின் 18 மாதம் ஏறத்தாழ 12 டெராபைட். பத்து கேமராவுக்கு 120. நீதிமன்றத்தின் ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு டிஸ்க் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இதில் பாடம் உண்டு. பெட்டியின் அமைப்புப் பட்டியலில் "எத்தனை நாளில் காலாவதி" என்று ஓர் இடம் இருக்கும். அங்கே யாராவது 1 என்றோ 7 என்றோ எண் போட்டிருந்தால் எட்டு டெராபைட் வாங்கிப் போட்டாலும் பயனில்லை. அதை அணைத்துவிட்டு, டிஸ்க் நிறைந்தால் மட்டும் பழையது அழியட்டும் என்று வையுங்கள்.

இனி மலைக்கே உரிய சிக்கல்கள். சமவெளிக் கணக்கு அடுக்கத்தில் அப்படியே பலிக்காது. முதல் காரணம் பனிமூட்டம். இரவில் கேமராவைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் 850 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியாயிற்றே, மூடுபனியைத் துளைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடுபனியின் நீர்த்துளிகள் அந்த ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பது போலவே இதையும் சிதறடிக்கும். விளக்கு லென்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சிதறிய ஒளி நேராகத் திரும்பி வந்து படத்தையே வெள்ளையாக்கிவிடும். பூம்பாறைப் பக்கம் மூட்டத்தில் வண்டி ஓட்டுபவர்கள் ஹெட்லைட்டை ஏற்றிப் போடாமல் தாழ்த்திப் போடுவது இதே காரணத்துக்காகத்தான். தீர்வும் அதுவே. கேமராவின் சொந்த விளக்கைக் குறைத்து, பார்க்க வேண்டிய இடத்துக்கு அருகே, கேமராவிலிருந்து தள்ளி, பக்கவாட்டில் தனியாக ஒரு விளக்கு வைக்க வேண்டும். சிலந்தி வலையும் இதே கேட்டைச் செய்யும். லென்சின் முன் ஒரே ஓர் இழை குறுக்கே ஓடினால் இரவெல்லாம் வெண்மைதான். துடைக்க எட்டும் உயரத்தில் கேமரா இருப்பது நல்லது.

இதற்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பே உண்டு. வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தைய சட்டகத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே எழுதி இடத்தை மிச்சப்படுத்துகிறது. அசையாத சுவர் என்றால் எழுத ஒன்றுமில்லை. இருட்டில் சென்சாரின் உணர்திறனைக் கூட்டும்போது படம் முழுக்கப் புள்ளிகள் துள்ளும், மூட்டம் நகரும், சவுக்கும் சில்வர் ஓக்கும் காற்றில் ஆடும். ஒவ்வொரு சட்டகமும் புதிதாகத் தெரிவதால் பிட்ரேட் ஏறிக்கொண்டே போகும். ஆகவே பிட்ரேட்டுக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள், கணக்கிட்ட நாளோடு பத்தில் இரண்டு மூன்று பங்கு கூடுதலாக டிஸ்க் வாங்குங்கள்.

அசைவு தெரிந்தால் மட்டும் பதியும் வசதியைச் சிக்கனம் என்று சொல்லி விற்பார்கள். நகரத்து வாசற்படிக்கு அது சரி. மலைத் தோட்டத்தில் இலையும் மழையும் மூட்டமும் அதை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருக்கும். மனிதன், வாகனம் இரண்டை மட்டும் அடையாளம் காணும் புதிய வகைப் பெட்டிகள் இந்தத் தொல்லையைக் குறைக்கின்றன. ஆனால் காட்டுமாடும் பன்றியும் கரடியும் மனிதனும் அல்ல, வாகனமும் அல்ல. வாழையை யார் மிதித்தது என்று பார்க்கக் கேமரா வைத்தவருக்கு அந்தப் பதிவே இருக்காது. இங்கே 24 மணி நேரமும் தொடர்ந்து பதிவதே சரி என்பது என் முடிவு. அசைவை ஓர் அடையாளக் குறியாக மட்டும் வைத்துக்கொண்டால் தேடுவதற்கு உதவும்.

டிஸ்க்கில் எந்த வகை? வீட்டுக் கணினிக்கான டிஸ்க்கையே போட்டுக் கொடுத்து விலையைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். சீகேட் பாரகூடா போன்ற மேசைக்கணினி டிஸ்க்குகள் ஆண்டுக்கு 2,400 மணி நேர ஓட்டத்துக்கும் 55 டெராபைட் வேலைப்பளுவுக்கும் வடிவமைக்கப்பட்டவை. ஆண்டுக்கு மணி 8,760. பதிவுப் பெட்டி அத்தனை மணியும் எழுதிக்கொண்டே இருக்கும். கண்காணிப்புக்கென்றே வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை முழு ஆண்டு ஓட்டத்துக்கும் 180 டெராபைட்டுக்கும் ஆனவை. நியாயமாகச் சொன்னால், நம் நான்கு கேமராத் தோட்டம் ஆண்டுக்கு எழுதுவது 32 டெராபைட்தான். பளுவை மட்டும் பார்த்தால் சாதாரண டிஸ்க் தாங்கும். வேறுபாடு மணிக்கணக்கிலும் இன்னொரு குணத்திலும் இருக்கிறது. தட்டில் ஓரிடம் பழுதானால் கணினி டிஸ்க் அங்கேயே நின்று பலமுறை முயன்று பார்க்கும், ஏனென்றால் உங்கள் கோப்பில் ஓர் எழுத்தும் போகக் கூடாது. கண்காணிப்பு டிஸ்க் அந்த இடத்தை விட்டுவிட்டு நகரும். ஒரு புள்ளி போனாலும் பரவாயில்லை, பின்னால் வரும் காட்சி தவறக் கூடாது என்பது அதன் நோக்கம். எட்டு கேமராவை 4 மெகாபிட்டில் ஓட்டினால் ஆண்டுக்கு 126 டெராபைட் ஆகும். அங்கே சாதாரண டிஸ்க்குக்கு வேலையே இல்லை.

மலைக்காரர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: உயரத்தில் ஹார்டு டிஸ்க் வேலை செய்யுமா? விசித்திரமாகத் தோன்றினாலும் கேள்வி சரியானதே. டிஸ்க்கின் எழுதுமுனை தட்டைத் தொடுவதில்லை. சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் அது மிதக்கிறது. காற்று மெலிந்தால் மிதப்பும் தாழும். கொடைக்கானலின் 2,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே குறைவு. தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கொடுக்கும் எல்லை 3,048 மீட்டர், அதாவது பத்தாயிரம் அடி. ஆகவே கொடைக்கானல் நகருக்கும், 2,343 மீட்டரில் இருக்கும் சூரிய ஆய்வகத்துக்கும், அவற்றுக்குக் கீழே சரிவில் இருக்கும் அடுக்கத்துக்கும் அச்சமில்லை. ஏறத்தாழ 3,500 மீட்டரில் உள்ள லடாக்கின் லே நகரில்தான் இந்த எல்லை மீறப்படுகிறது. அங்கே சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வேண்டும்.

நமக்கு உண்மையான பகை ஈரமும் மின்சாரமும். ஓடும் பெட்டி தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். பல நாள் மின்சாரம் இல்லாமல் குளிர்ந்து கிடந்தபின் உடனே இயக்குவதைவிட, அறையைக் காற்றாட விட்டு இயக்குவது பாதுகாப்பு. ஈரச் சுவரில் பெட்டியை அறையக் கூடாது. கேட்டிலிருந்து வீடு வரை தோட்டத்தின் குறுக்கே இழுத்த நீண்ட கேமரா கேபிள், இடி மின்னல் நேரத்தில் தூண்டப்பட்ட மின்னெழுச்சியைப் பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கும். நல்ல எர்த்தும் சர்ஜ் தடுப்பானும் இல்லாமல் ஐப்பசியைக் கடப்பது கடினம். பெட்டியோடு வரும் அடாப்டரையும் கவனியுங்கள். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் டிஸ்க் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். சக்தி குறைந்த அடாப்டரில் பெட்டி மீண்டும் மீண்டும் அணைந்து எழும், பழி டிஸ்க்மேல் விழும்.

பெட்டியைப் பொறுத்தவரை, கோஆக்சியல் கேபிள் கேமராவுக்கு டிவிஆர், நெட்வொர்க் கேமராவுக்கு என்விஆர். நான்கு கேமராத் தோட்டத்துக்கு டிவிஆர் மலிவு, பழுது பார்ப்பதும் எளிது. வாங்கும்போது ஒரு பொறியைத் தவிர்க்க வேண்டும். மலிவுப் பெட்டிகளின் அட்டையில் "1080என்" அல்லது "1080பி லைட்" என்று இருக்கும். உயரம் 1080 புள்ளிதான். அகலத்தில் 1,920க்குப் பதிலாக ஏறத்தாழ பாதியை மட்டுமே பதியும். கேமரா முழு உருவம் கொடுத்தாலும் முகமும் வண்டி எண்ணும் பதிவில் மங்கிவிடும். எச்.265 உண்டா, எத்தனை டெராபைட் வரை டிஸ்க் ஏற்கும் என்பதையும் பெட்டியின் விவரத்தாளில் பார்த்துவிடுங்கள். நெட்வொர்க் கேமரா என்றால் 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயமாகியுள்ள அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறிய மாடலா என்று கேளுங்கள். கடவுச்சொல்லை மாற்றாமல் விடாதீர்கள்: 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் ஆலைக் கடவுச்சொல்லிலேயே கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துப் படையாக்கித்தான் அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களை முடக்கியது.

பழைய டிஸ்க்கைப் புதியது என்று விற்கும் வேலையும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் மணிக்கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது வெளிவந்தது. வரிசை எண் எழுதிய பில் வாங்குங்கள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டி, உத்தரவாதம் எந்தத் தேதி வரை என்று கடையிலேயே பாருங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும் இருப்பதால்தான். பெட்டியின் கடிகார பேட்டரி தீர்ந்து 2000ஆம் ஆண்டு என்று காட்டும் பதிவை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் விளக்குவது பெரும்பாடு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும், பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. சம்பவம் தெரிந்தவுடன் பதிவைத் தனியே எடுத்து வையுங்கள். நாள் ஓட ஓட அதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். பெட்டியையும் வாசல் அறையில் டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். திருட வருபவர் முதலில் தூக்குவது அதைத்தான்.

கையில் பணம் குறைவாக இருந்தால் கேமராவில் ஒன்றைக் குறையுங்கள், டிஸ்க்கில் குறைக்காதீர்கள். கேமராவை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். பொருத்தியவருக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு வாரம் பொறுத்திருந்து, பத்து நாளுக்கு முந்தைய ஏதாவதொரு இரவின் இரண்டு மணிக் காட்சியை உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.