'கட்டுமரம்' – ஆங்கிலம் புக்க ஒரு சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் இன்று பெருவழக்காயுள்ள 'கேட்டமரான்' என்னும் சொல் தமிழ்க் 'கட்டுமரம்' என்பதன் திரிபே என்பதை ஆங்கில அகராதிகள் ஒப்புகின்றன. அதுகொண்டு, அச்சொல் இக்காலத்திற் சுட்டும் இரட்டையுடற் கலமும் தமிழர் கண்டதே எனக் கொள்வாரும் உளர். சொல்லின் வரலாறும் பொருளின் வரலாறும் ஒன்றாமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

'கட்டுமரம்' வினைத்தொகை. எடை குறைந்த மரங்கள் சிலவற்றைக் கயிற்றாற் பிணைத்த மிதவையே அது. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். குடைந்த உடல் அதற்கில்லை. ஆதலின் அலைநீர் மேலேறினும் உள்ளே தேங்குதற்கு இடமில்லை. சென்னையில் துறைமுகம் அமையாத நாளில், கரையலையைக் கடந்து கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுசென்றவர் கட்டுமரக்காரரே. சோழமண்டலக் கரையில் வழங்கிய இப்பெயரை வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697-இல் வெளிவந்த தம் பயண நூலிற் குறித்துள்ளார்.

ஆங்கிலத்தில் ஈற்று மகரம் னகரமாயிற்று. 'அறம் – அறன்' என்றாற்போலும் போலி தமிழில் உண்டேனும், ஒப்புமை ஒன்றே காரணமாகாது என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

பின்னர்ச் சொற்பொருள் விரிந்தது. பிறநாட்டு மிதவைகளும் இப்பெயர் பெற்றன. 1804-இல் பூலோன் துறையிலிருந்த பிரெஞ்சுக் கலங்கள்மேல் ஆங்கிலேயர் செலுத்திய வெடிமருந்து மிதவைகளும் இவ்வாறே வழங்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில், சண்டையிடும் இயல்பினளாகிய பெண்ணையும் இச்சொல் குறித்தது; முதலசை பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒத்தொலிப்பது இதற்குத் துணைபுரிந்திருத்தல் கூடும்.

இரட்டையுடற் கலத்தின் நிலை வேறு. பாலினீசியர் தொன்றுதொட்டே இரு தோணிகளை இணைத்துக் கடலோடினர். வில்லியம் பெட்டி 1662-இல் டப்ளினில் ஈருடற் கப்பலொன்று கட்டுவித்தார். அது இப்பெயரைப் பெறவில்லை. அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப் 1876-இல் நியூயார்க்கு நீர்ப்போட்டியில் தம் ஈருடற் பாய்க்கலத்தைச் செலுத்தி, மறு ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். இத்தகைய கலங்களுக்கே பின்னர் இப்பெயர் நிலைத்தது.

எனவே பொருள் முன்னரே உளதாக, பெயர் பின்னர் வந்து பொருந்திற்று என்பது பெறப்படும். தமிழிலிருந்து சென்றது பெயரும், மரங்களை இணைத்து மிதக்கவிடும் கருத்துமே, ஈருடல் அமைப்பன்று. இவ்வேறுபாட்டைப் பேணாது சொல்லைக்கொண்டே கலத்தின் பிறப்பிடத்தைத் துணிவது, கட்டுமரத்தின் உண்மைச் சிறப்பையும் மறைத்துவிடும். தமிழில் எழுதுவோர் புதிய கலத்தை 'இரட்டையுடற் கலம்' என்றும், பழைய மிதவையைக் 'கட்டுமரம்' என்றும் வேறுபடுத்தி வழங்குதல் நன்று.