நோயாளியின் இரகசியமும் ஓர் அமானிதமே



அக்குறணையிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியின் கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். கிளினிக் கொப்பியும் பழைய பரிசோதனை அறிக்கைகளும் அதனுள்ளே. பை வீட்டில் மறந்துபோனால், எம்மருந்து அவருக்கு ஒவ்வாது என்பதைக்கூட வைத்தியர் அறியமாட்டார். இக்குறையை நீக்கவே அரச வைத்தியசாலைகளில் கணினிப் பதிவுகளும் தனியாள் சுகாதார இலக்கமும் படிப்படியாக அறிமுகமாகி வருகின்றன. பேராதனையில் செய்த பரிசோதனையைக் கண்டியில் பார்க்க முடியுமாயின் அது பெரும் நன்மையே.

ஆயினும் கொப்பியை வாசிக்க அது கைக்கு வரவேண்டும். கணினிப் பதிவையோ பலர் பல இடங்களிலிருந்து திறக்கலாம். எனவே ஒவ்வோர் உத்தியோகத்தருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். எவர், எப்போது திறந்தார் என்பதும் பதிவாக வேண்டும். ஒரு கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொண்டால் அப்பாதுகாப்பு பெயரளவில்தான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவல்களை விசேட வகைத் தரவுகளுள் சேர்த்துள்ளது.

நோய்த் தகவல் வெளியே பரவினால் நேர்வது யாதென நம் பகுதிக்குத் தெரியும். 2020 மார்ச் இறுதியில் கொவிட் தொற்றினால் அக்குறணை முடக்கப்பட்டது. அந்நாட்களில் நோயாளியின் இனத்தையும் சேர்த்தே செய்திகள் பரவின. ஒருவரின் நோய் ஒரு சமூகத்தின் குற்றம்போல் பேசப்பட்டது. அதனால் மனம் நொந்த நாமே இன்று உறவினரின் நோயறி அட்டையைப் படமெடுத்து, துஆச் செய்யுமாறு வாட்ஸ்அப் குழுவில் இடுகின்றோம். துஆவுக்குப் பெயரே போதுமே! அட்டை எதற்கு?

திருமணப் பேச்சு வரும்போது நிலைமை இன்னும் பாரதூரமானது. "நீ வேலை செய்யும் இடத்தில்தானே அந்தப் பிள்ளை மருந்தெடுக்கிறாள், பார்த்துச் சொல் மகன்" என்று கேட்கும் தாய்மார் உளர். திருமணத்தைப் பாதிக்கும் நோயை மறைக்கலாம் என்பதன்று நம் கருத்து. அதனைச் சொல்ல வேண்டியவர்கள் அப்பெண்ணும் அவளது பெற்றோரும். கேட்க வேண்டியதும் அவர்களிடமே. துருவி ஆராய்வதைச் சூரத்துல் ஹுஜுராத்தின் 12 ஆவது வசனம் தடுக்கின்றது. கணினித் திரைக்கு அதில் விதிவிலக்கில்லை.

காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதங்களேனும் இடைவிடாது மருந்தெடுப்பதே வழமை. ஊரார் அறிந்துவிடுவரோ என அஞ்சி ஒருவர் இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகலாம். அது முதலில் தொற்றுவது அவருடைய வீட்டாரையே.