பீப் சத்தம் கேட்டால் மட்டும் போதுமா? மண்ணைத் தோண்ட எந்தக் கொத்து நிற்கும்?

பெரம்பலூர்:-

சின்ன வெங்காயக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து களை எடுத்துவிட்டு வீடு திரும்பும்போதுதான் கை காதுக்குப் போகும். ஒரு தோடு இருக்கும், இன்னொன்று இருக்காது. தாலிக்குண்டு, மூக்குத்தி, மோதிரம் என்று வயலில் நகையைத் தொலைத்துவிட்டு ராத்தூக்கம் போன பெண்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சவரன் விலை ஏறிக் கிடக்கும் இந்தக் காலத்தில் ஒரு ஜோடித் தோடு என்பது பல மாதக் கூலி.

முன்பெல்லாம் சல்லடை போட்டு மண்ணைச் சலிப்பார்கள். இப்போது கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரை ஆன்லைனில் வாங்கியோ, தெரிந்தவரிடம் இரவல் வாங்கியோ வயலில் இறங்குகிறார்கள். கருவி சத்தம் போடும். அதன்பிறகுதான் தலைவலி. ஒருவர் மம்பட்டியை எடுத்து ஓங்கிப் போடுவார், இன்னொருவர் கடப்பாரையோடு ஓடி வருவார். தோடு கிடைத்தாலும் இரண்டு துண்டாகக் கிடைக்கும்.

ஆழம் ஒரு சாண்தான்

மெட்டல் டிடெக்டரின் வட்டக் கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்த அலையை அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டதும் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகி, பதில் அலை திரும்பி வருகிறது. அதைத்தான் கருவி சத்தமாகக் காட்டுகிறது. சாதாரண கருவிக்கு மோதிரம், தோடு அளவுள்ள பொருள் சுமார் ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்தால்தான் தெரியும். ஆகவே தோண்ட வேண்டியதும் ஒரு சாண்தான். அதற்குக் கடப்பாரை எதற்கு? ஒரு கையால் பிடித்து முட்டி போட்டுக் குத்தும் சின்னக் கொத்தோ, கரண்டி போன்ற கருவியோ போதும். ஆனால் அது உழைக்க வேண்டும். கடையில் பளபளவென்று தொங்கும் தோட்டக் கரண்டியை வாங்கி வந்தால் கரிசலில் ரெண்டாவது குத்திலேயே கழுத்து வளைந்துவிடும்.

கழுத்தைப் பாருங்கள்

இப்படிப்பட்ட கருவி உடைவது பெரும்பாலும் முனையில் இல்லை, கழுத்தில்தான். அலகும் பிடியும் சேரும் இடம் அது. மெல்லிய தகட்டில் அலகு வெட்டி, ஒரு கம்பியை வெல்டிங் வைத்து, மேலே பிளாஸ்டிக் பிடி மாட்டியிருந்தால் அதை வாங்கவே வேண்டாம். கல்லுக்கு அடியில் விட்டு நெம்பும்போது முழு பாரமும் அந்த வெல்டிங் பொட்டில்தான் இறங்கும். வெளிநாட்டில் அகழாய்வு செய்பவர்கள்கூட கொத்தனார் கரண்டி போன்ற ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டபிள்யூ.எச்.எஸ்., அமெரிக்காவில் மார்ஷல்டவுன் என்ற பெயர்களில் வரும் கரண்டிகளுக்கு மவுசு அதிகம். காரணம் அதே கழுத்துதான். அலகும் கழுத்தும் ஒரே இரும்பில் அடித்தவை.

நம்ம ஊரில் அதற்கு அலைய வேண்டியதில்லை. கொல்லுப்பட்டறையில் பழைய லாரிப் பட்டையைக் கொடுத்தால் ஒரே துண்டாக அடித்துத் தருவார்கள். லாரி பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த எஃகு அது. அலகு ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம், 3 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் இருக்கட்டும். இரும்பு பிடியின் கடைசி வரை உள்ளே ஓடி, இரண்டு ரிவிட் அடித்திருக்க வேண்டும். பிடிக்குக் கருவேல மரம் நல்லது. ஒரு ஓரத்தில் ரம்பம் போல பல் வெட்டச் சொன்னால் அருகம்புல் வேரை அறுக்க உதவும்.

ஒரு விஷயத்தைப் பட்டறையில் சொல்லிவிட வேண்டும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிப் பதம் ஏற்றும்போது, அருவாளுக்கு ஏற்றுவது போல ரொம்பக் கடினமாக ஏற்றக் கூடாது. அருவாள் வெட்டத்தான் செய்யும், இது நெம்பவும் வேண்டும். பதம் மிஞ்சினால் சுண்ணாம்புக்கல்லில் பட்டதும் முனை தெறிக்கும். அது கண்ணில் பட்டால் வைத்தியச் செலவு தோட்டின் விலையைத் தாண்டிவிடும்.

வாங்கும்போது கல்லில் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் சரி. சொத் என்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். பிடியில் சிவப்பு பெயிண்ட் அடித்து வைப்பது நல்லது. நகையைத் தேடப் போய்க் கொத்தைத் தொலைத்துவிட்டு வருபவர்களும் உண்டு!

மண்ணுக்கு ஏற்ற கொத்து

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். நகை விழுந்தால் வெடிப்புக்குள் இறங்கிவிடும், மேலே சலித்துப் பயனில்லை. அங்கே குறுகலான, கூர் முனைக் கருவிதான் சரி. மழை பெய்து மறுநாள் போனால் அலகில் களிமண் அப்பிக்கொண்டு வேலை ஓடாது. மண் பொலபொலக்கும் வரை ரெண்டு நாள் பொறுப்பது மேல்.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் வேறு தொல்லை. அந்த மண்ணிலேயே இரும்பு கலந்திருப்பதால் டிடெக்டர் சும்மாவே கத்தும். உணர்திறனைக் குறைத்து வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். திருமானூர் பக்கம் கொள்ளிடக் கரை மணல் என்றால் கவலையே இல்லை, எந்தக் கரண்டியும் ஓடும்.

சத்தம் வந்த இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகத் தடவி நடுப்பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நாலு விரல் தள்ளி மூன்று பக்கம் குத்தி, மண்ணைக் கட்டியாகப் பெயர்த்துச் சாக்கில் வையுங்கள். பிறகு கட்டியையும் குழியையும் தனித்தனியே டிடெக்டரால் தடவினால் பொருள் எதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது கொத்தை நாலடி தள்ளி வைக்க வேண்டும், அதுவும் இரும்புதானே. பெரும்பாலும் கிடைப்பது துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி, டிராக்டர் நட்டுதான். கையுறை போடுவது நல்லது. துருக் கம்பி குத்தினால் டி.டி. ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பம்புசெட் வயர் மண்ணுக்குள் போகும் வயலில் மெயினை நிறுத்தாமல் குத்தவே கூடாது. கல்லுடைக்க வெடி வைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் அருகே வயரோடு சின்னக் குழாய் மாதிரி ஏதாவது தென்பட்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

தங்கக் காசு கிடைத்தால்?

தொலைத்த நகை தொலைத்தவருக்கே. ஆனால் தோட்டைத் தேடும்போது பழங்காசோ பானையோ வந்தால் கதை வேறு. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கிடைக்க வேண்டிய பங்கும் போய்விடும். மறைக்காமல் சொன்னால், உரிமையாளர் யாரும் இல்லாத புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்கு கால் பங்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. அரசே புதையலை எடுத்துக்கொண்டால் அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். இதைத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக உருக்கி விற்கப் போய் மாட்டிக்கொள்வதுதான் முட்டாள்தனம்.

இங்கிலாந்தில் 2009-ல் வயலில் டிடெக்டரோடு நடந்த ஒருவர் ஸ்டாஃபோர்டுஷயரில் பெரிய தங்கப் புதையலைக் கண்டார். முறைப்படி தெரிவித்தார். மதிப்பிடப்பட்ட 32.85 லட்சம் பவுண்ட் அவருக்கும் நிலத்துக்காரருக்கும் போனது.

ரஞ்சன்குடி கோட்டை, கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் மட்டும் டிடெக்டரையும் கொத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டாம். இரண்டும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2010-ல் திருத்திய சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 2021-ல் தோண்டியபோது கூரை ஓடும், இரும்பு ஆணியும், சீனப் பானை ஓடும் கிடைத்தன. பழைய இரும்புக் கடையில் அந்த ஆணிக்கு விலையே இல்லை. ஆனால் எந்த ஆழத்தில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் கூரை எப்படிப் போட்டிருந்தார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் துரு ஆணி.

அப்புறம், "உங்க நிலத்துல புதையல் இருக்கு, மெஷின் காட்டுது, முன்பணம் கொடுங்க" என்று யாராவது வந்தால் அது இரிடியம் மோசடியின் தம்பி. ஒரு சாண் ஆழத்துத் தோட்டையே தடுமாறிக் காட்டும் கருவி பத்தடி ஆழத்துக் குடத்தை எப்படிக் காட்டும் என்று கேட்டுப் பாருங்கள்.