எந்த மருந்து கேட்கும்?

2003 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கெஃபிட்டினிப் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. கீமோதெரபி கைவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கான மருந்து அது. பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல அன்று வழியில்லை. ஆகவே பத்துப் பேரும் விழுங்கினார்கள். மற்ற ஒன்பது பேரில் பலருக்கு வயிற்றுப்போக்கும் தோல் தடிப்புமே மிஞ்சின, கையிலிருந்த கொஞ்ச நாளும் கரைந்தது. மறு ஆண்டே பாஸ்டன் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கே அந்த மருந்து நன்றாகக் கேட்டது.

ஆனால் அந்த மாற்றத்தைப் பார்க்கக் கட்டியிலிருந்து திசு வேண்டும். மார்புக்குள் ஊசி போகும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடலாம். சில சமயம் கிடைத்த திசு சோதனைக்கே போதாது.

இன்று முதலில் கையை நீட்டினால் போதும் என்கிற நிலை பல மருத்துவமனைகளில் வந்துவிட்டது. சாகும் புற்றுச் செல்கள் தம் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. ரத்தத்தில் டி.என்.ஏ. மிதக்கிறது என்று மாந்தெல், மெத்தே என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதியது 1948இல். அதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் சோதனையான ரோஷ் நிறுவனத்தின் கோபாஸ் வந்தது 2016 ஜூனில்.

இந்த ரத்தச் சோதனை வணிகத்தைச் சாத்தியமாக்கியதில் ஒரு சாதாரணக் குழாய்க்கும் பங்குண்டு. எடுத்த ரத்தம் சும்மா கிடந்தால் வெள்ளணுக்கள் உடைந்து தம் டி.என்.ஏ.வைக் கொட்டும், புற்றின் துணுக்குகள் அதில் மூழ்கிப்போகும். அணுக்கள் உடையாமல் காக்கும் மருந்து கலந்த ஸ்ட்ரெக் குழாய் வந்தபின், சிற்றூர் கிளினிக்கில் எடுத்த ரத்தம் ஐஸ் இல்லாமலே கூரியரில் கலிபோர்னியா போனது. அங்கே 2012இல் தொடங்கிய கார்டன்ட் ஹெல்த், ஒரு முறை எடுத்த ரத்தத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களைப் பார்க்கிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் அதற்கு 5,000 டாலர் தருகிறது. ரத்தத்தில் மாற்றம் தென்படாவிட்டால் மட்டும் பழைய ஊசிக்கே திரும்ப வேண்டும். கட்டி போதிய துணுக்குகளை விடாமல் இருந்திருக்கலாம்.

தொழில்நுட்பம் மட்டும் ஒரு சோதனையை நிலைநிறுத்திவிடாது. 2004இலேயே ரத்தத்தில் புற்றுச் செல்களை எண்ணும் செல்சர்ச் சோதனை சந்தைக்கு வந்தது. பரவிய மார்பகப் புற்றில், 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஐந்து அல்லது அதற்கு மேல் புற்றுச் செல்கள் இருந்தால் நிலைமை மோசம் என்று அது சரியாகவே சொன்னது. முதல் சுற்று கீமோவுக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாதவர்களுக்கு உடனே வேறு கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை என்று 2014இல் முடிவு வெளியானது. மருந்து கேட்கவில்லை என்று தெரிந்தது. மாற்றாகக் கொடுத்ததும் கேட்கவில்லை. அப்படியொரு செய்தியை நோயாளி எங்கே கொண்டுபோவார்?

அடுத்து வந்த நிறுவனங்கள் சோதனையை ஒரு மருந்தோடு சேர்த்தே கொண்டுவந்தன. 2023 ஜனவரியில் மார்பகப் புற்றுக்கான எலசெஸ்ட்ரன்ட் அனுமதி பெற்றபோது, அது யாருக்கு ஏற்றது என்று காட்டும் கார்டன்ட் சோதனையும் கூடவே அனுமதி பெற்றது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மருந்து வேண்டாம் என்று சொல்லும் சோதனைக்கு இப்படித் துணைவர எந்த மருந்து நிறுவனத்துக்கும் காரணமில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது அந்த வகைதான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இரண்டாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 455 பேரை வைத்து நடத்திய டைனமிக் ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு பிரிவில், அறுவைக்குப் பின் ரத்தத்தில் துணுக்கு தென்பட்டவர்களுக்கு மட்டும் கீமோ கொடுத்தார்கள். வழக்கமான முறையில் முடிவெடுத்த மறு பிரிவில் 28 சதவீதம் பேர் கீமோ பெற்றார்கள். ரத்தம் பார்த்து முடிவெடுத்ததில் 15 சதவீதம். இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு. தேவையில்லாத மாதக்கணக்கான வாந்தியும் விரல் மரப்பும் அத்தனை பேருக்கு மிச்சம். கீமோ குறைந்தால் செலவு மிச்சமாவது காப்பீட்டாருக்கு. இத்தகைய ஆய்வுகளுக்கு முதலில் பணம் போட வேண்டியவர்களும் அவர்களே.