கடலடி எண்ணெயும் கரையோர வாழ்வும்

கனிய எண்ணெய் நிலத்தின்கீழ் மட்டுமன்றிக் கடலின் அடியிலும் உறைகின்றது. 1947ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் லூசியானாக் கரைக்கு அப்பால், நிலம் கண்ணுக்குப் புலப்படாத தொலைவில் எண்ணெய்க் கிணறொன்று வெற்றியாக அகழப்பட்டது. அதன்பின் அக்கரையோர மக்களுக்குக் கடல் இருவகையிற் சோறு போடலாயிற்று. ஆங்குள்ள மோர்கன் சிற்றி நகரில் இறாலுக்கும் பெற்றோலியத்துக்கும் சேர்த்து ஒரே விழா எடுக்கப்படுதல் இதற்குச் சான்றாம்.

துளைக்கும் மேடையில் நின்று உழைப்போர் மட்டுமே இத்தொழிலால் வாழ்பவரல்லர். பண்டங்களை ஏற்றிச் செல்லும் படகோட்டிகள், இரும்பு வேலை செய்வோர், சுழியோடிகள், சமையற்காரர் எனப் பலர் இதனை அண்டி வாழ்கின்றனர். ஆயினும், கிணறு துளைக்குங் காலத்து வேண்டப்படும் ஆட்டொகை, எண்ணெய் ஒழுங்காக வரத் தொடங்கியபின் வேண்டப்படுவதில்லை. விலை வீழின் வேலையும் வீழும். 1980களின் நடுப்பகுதியில் லூசியானா இதனை நன்கு உணர்ந்தது.

இனி, ஆபத்து எவ்வாறு நேர்கின்றது எனக் காண்போம். பாறைக்குள் எண்ணெயும் வாயுவும் பேரழுத்தத்தில் அடைபட்டுள்ளன. துளையில் நிரப்பப்படும் பாரமான சேற்றுக் குழம்பு அவ்வழுத்தத்தை எதிர்த்து நிற்கும். குழாயைச் சுற்றி இடப்படும் சீமெந்து கசிவை அடைக்கும். இவையிரண்டும் தவறின், கடற்றரையிலுள்ள பெருவாயில் கிணற்றை மூடுதல் வேண்டும்.

2010 ஏப்ரில் 20ஆம் நாள் மெக்சிக்கோக் குடாவில் இம்மூன்று காவலும் பொய்த்தன. 'டீப்வோட்டர் ஹொரைசன்' மேடை தீப்பற்றி, 11 தொழிலாளர் மாண்டனர். ஏறக்குறைய 1,500 மீற்றர் ஆழத்திலிருந்து 87 நாள்கள் எண்ணெய் பீறிட்டது. வெளிப்பட்டது 49 இலட்சம் பீப்பாய் என அரசாங்க அறிஞர் மதிப்பிட்டனர். மீன்பிடி பரந்த கடற்பரப்பில் தடுக்கப்பட்டது. ஆழ்கடற் றுளைப்பும் சில மாதம் நிறுத்தப்பட்டது. எனவே, வலை வீசியவனும் மேடையில் உழைத்தவனும் ஒருங்கே வேலையிழந்தனர். எண்ணெயைக் கரையணுகாது தள்ளுதற்குத் திறந்துவிடப்பட்ட ஆற்றுநீர், உவர்நீரில் வாழும் சிப்பிகளைப் பெருமளவில் அழித்தமை மற்றொரு துயரமாகும்.

இச்செய்தி நமக்கு அயலதன்று. 2011இல் மன்னார்க் கடலில் துளைத்த கிணறுகள் இரண்டில் இயற்கை வாயு காணப்பட்டது. வாயு எண்ணெயைப்போற் கரையிற் படியாதெனினும், துளைக்குங்கால் அடக்கவேண்டிய அழுத்தம் ஒத்த தன்மையதே. அக்கடலோ கடற்பசு மேயும் கடல். மீனவர் பலரின் விளைநிலம். ஆதலின், அங்குத் தொழில் தொடங்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். அவ்வூர் இளைஞர் எத்தொழிலுக்குப் பயிற்றப்படுவர்? விபத்து நேரின் அதனை அடக்கும் கருவிகள் எத்துணை அண்மையில் உள? மீனவன் இழப்பை யார், எப்போது ஈடுசெய்வர்? எண்ணெயும் வாயுவும் ஒருநாள் வற்றும். மீன்வளமோ காக்கப்படின் தலைமுறைதோறும் பெருகும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே ஊதியமும் இழப்பும் நிறுக்கப்படல் வேண்டும்.