நண்பன் விட்டுச்சென்ற கான்டெஸா... என்ன விலை சொல்வது?

``தம்பி, எங்களுக்கு கார் பத்தி ஒண்ணும் தெரியாது. நீயே பார்த்து ஒரு நல்ல விலைக்கு முடிச்சுக் கொடுப்பா.''

கார் பைத்தியமான ஒரு நண்பர் இறந்துபோனால், அவரோட அம்மாவோ மனைவியோ கேங்ல வண்டி தெரிஞ்ச ஆள்கிட்ட இப்படித்தான் கேட்பாங்க. ஷெட்ல நிக்கிறது ஸ்விஃப்ட்னா பிரச்னை இல்ல. ரெண்டு ஆப்ல தேடினா விலை தெரிஞ்சுடும். பார்த்துப் பார்த்து மாடிஃபை பண்ணின கான்டெஸானா?

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரிச்ச கார் இது. நீளமான பானெட்டுக்காகவே `நம்ம ஊர் மசில் கார்'னு கொண்டாடுற கூட்டம் இன்னும் இருக்கு. ஆனா, அந்தக் கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு டேஸ்ட். சிக்கலே அங்கதான்.

நண்பரோட பில் எல்லாம் ஒரு ஃபைல்ல இருக்கும். வீட்ல அதைக் கூட்டிப் பார்ப்பாங்க. ஒரு கணக்குக்கு, கார் வாங்கினது 4 லட்சம், பெயின்ட், சீட், அலாய் வீல், மியூசிக் சிஸ்டம்னு செலவு 6 லட்சம்னு வெச்சுக்கலாம். அதனால விலை 10 லட்சம் ஆகிடாது. அந்த 6 லட்சம் அவர் தன் சந்தோஷத்துக்குச் செலவு பண்ணினது. வாங்கறவருக்கு அந்த பர்ப்பிள் கலரே பிடிக்காம இருக்கலாம். திரும்ப பெயின்ட் அடிக்கிற செலவைக் கழிச்சுட்டுத்தான் கேட்பார். இதை வீட்ல முதல்லயே, மென்மையா சொல்லிடணும்.

அப்போ எங்க ஆரம்பிக்கிறது? மாடிஃபை பண்ணாத, இதே வருஷத்து கார் என்ன விலைக்குப் போகுதுன்னு பாருங்க. ஆன்லைன் விளம்பரத்துல இருக்கிறது விற்கிறவரோட ஆசை. கை மாறின விலை கிளாசிக் கார் வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். காரைச் செஞ்ச மெக்கானிக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், புரோக்கர் நிறையவே குறைச்சுச் சொல்வார். ரெண்டு பேரையும் கேளுங்க.

அப்புறம் ஷெட்டைத் தேடுங்க. கழட்டி வெச்ச பழைய கிரில், பம்பர், ஸ்டீயரிங் இருக்கும். பழைய இரும்புக் கடைக்குப் போயிடப்போகுது, ஜாக்கிரதை! ஒரிஜினலுக்குத் திரும்ப மாத்த முடியும்னா விலை ஏறும்.

இன்ஜின் மாத்தியிருந்தா, அந்த நம்பர் ஆர்.சி.யில ஏறியிருக்கான்னு பாருங்க. தயாரிப்பாளரோட ஒரிஜினல் அமைப்புக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019-லயே சொல்லியிருக்கு. ஆர்.சி.யில இல்லாத மாற்றத்தை மறைச்சு வித்தா, நாளைக்கு வாங்கினவர் வந்து நிக்கப்போறது அந்த அம்மா வீட்டு வாசல்ல.

பேப்பர் வேலையையும் தள்ளிப்போடாதீங்க. இறந்தவர் பேர்ல இருக்கிற காரை நேரா விற்க முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோட ஃபார்ம் 31 கொடுத்து, மூணு மாசத்துக்குள்ள வாரிசு பேருக்கு மாத்தணும். அதுக்கப்புறம்தான் விற்பனைக்கான ஃபார்ம் 29, 30. அவர் பேர்ல இருக்கிற இன்ஷூரன்ஸும் இறந்த தேதியிலிருந்து மூணு மாசம் அல்லது பாலிசி முடியற நாள், எது முந்தியோ அதுவரைக்கும்தான். அது இல்லாம டெஸ்ட் டிரைவுக்குச் சாவி கொடுக்காதீங்க.

கடைசியா, கேட்கவே சங்கடமான ஒரு கேள்வி. அந்த கார் மேல உங்களுக்கே ஆசையா? அப்படின்னா விலை சொல்ற வேலையை உடனே வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடுங்க. `நம்ம பையன்தானே'ன்னு நீங்க சொன்ன விலைக்கு அவங்க தலையாட்டிடுவாங்க. அதே கார் அதிகமா போகும்னு பின்னாடி யாராவது சொன்னா, அப்புறம் அந்த வீட்டுக்குள்ள நீங்க போக முடியாது. வெளியாள் ரெண்டு பேர்கிட்ட எழுத்துல விலை வாங்கி, அதை வீட்ல காட்டிட்டு, அதுக்குக் குறையாம கொடுத்து வாங்கிக்கோங்க.

யார் வாங்கினாலும் பணம் வாரிசோட வங்கிக் கணக்குக்கே போகட்டும். நடுவுல உங்க ஜிபே வேண்டாம்.

சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடி ஃபாஸ்டேக்கை க்ளோஸ் பண்ணிடுங்க. டேஷ்போர்டு பெட்டியை மட்டும் நீங்க திறக்காதீங்க, வீட்ல இருக்கிறவங்களே திறக்கட்டும்.